26 வயதில் ரத்தக்குழாய்க்கு என்ன ஆகிவிடும்?

31 ஆகஸ்ட் 2025 – வாசகர் ஒருவரின் கேள்வி

எனக்கு 26 வயது. சிங்கப்பூரில் தேசிய சேவையில் (கட்டாயப் படைச் சேவையில்) இருந்தபோது புகைக்கத் தொடங்கினேன். இப்போது நாளைக்குப் பத்து சிகரெட் ஆகிறது. அண்மையில் நிறுவனத்தின் ஏற்பாட்டில் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். ஈசிஜி, டிரெட்மில், ரத்த அழுத்தம், கொழுப்பு அனைத்தும் சரி என்று அறிக்கை வந்துவிட்டது. உடல்தகுதிச் சோதனையில் தங்கமும் வாங்கினேன். ரத்தக்குழாய் கெடுவதெல்லாம் ஐம்பது வயதுக்காரர்களின் கவலை, முப்பத்தைந்துக்கு முன் விட்டுவிட்டால் போதும் என்பது என் கருத்து. இதில் தவறு இருந்தால் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம், காரணம் வேண்டும்.

31 ஆகஸ்ட் 2025, இரவு

காரணம் கேட்டதற்கு நன்றி, தம்பி. நான் மருத்துவர் அல்லேன். ஒரு மருத்துவமனையின் ரத்தக்குழாய்ப் பரிசோதனைக் கூடத்தில் ஸ்கேன் எடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். கழுத்து, கை, கால் தமனிகளை, அதாவது இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை, நாள் முழுவதும் திரையில் பார்ப்பதுதான் என் தொழில்.

உங்கள் அறிக்கை பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சோதனைகள் எதைத் தேடுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும். டிரெட்மில் சோதனை இதயத் தசைக்குப் போகும் ரத்தம் போதவில்லை என்பதைக் காட்டும். இதயத் தமனியின் உள்விட்டம் பாதிக்கும் மேல் சுருங்கிய பிறகுதான் அந்தப் பற்றாக்குறை பெரும்பாலும் வெளிப்படும். ஆகவே, “சரி” என்று வந்த அறிக்கைக்கு, பெரிய அடைப்பு இல்லை என்பது மட்டுமே பொருள். குழாய் நலமாக இருக்கிறது என்று அது சான்று தரவில்லை.

நம்மில் பலர் ரத்தக்குழாயைச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே போகும் குழாயைப் போல நினைக்கிறோம். அழுக்கு சேரும், அடைக்கும், அடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. தமனி உயிருள்ள உறுப்பு. அதன் உட்புறம் முழுவதும் ஒரே ஓர் உயிரணு அளவு தடிமனுள்ள படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. மருத்துவர்கள் அதை எண்டோதீலியம் என்பார்கள். நான் உட்படலம் என்று எழுதுகிறேன். நீங்கள் மாடிப்படி ஏறும்போது தொடைக்குக் கூடுதல் ரத்தம் தேவைப்பட்டால், ஓட்டம் விரைவதை அந்தப் படலம் உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கிறது. உடனே குழாயின் தசை தளர்ந்து விட்டம் பெருகுகிறது. ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமல் காப்பதும், அழற்சி அணுக்கள் உள்ளே நுழையாமல் தடுப்பதும் அதே வாயுதான். இதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கு 1998இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

சிகரெட் புகை முதலில் தாக்குவது இந்தப் படலத்தைத்தான். புகையில் உள்ள வீரியமிக்க ஆக்சிஜனேற்றப் பொருள்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்த இடத்திலேயே அழித்துவிடுகின்றன. அதைச் சுரக்கும் நொதியையும் தடம் புரளச் செய்கின்றன. நிக்கோட்டின் அட்ரினலினை உயர்த்திக் குழாயைச் சுருங்கச் செய்கிறது. இவை நடப்பதற்கு ஐம்பது வயது ஆக வேண்டியதில்லை. ஒரு சிகரெட் முடிந்த சில நிமிடங்களிலேயே இந்த மாற்றத்தை அளக்க முடியும். ஆண்டுக்கணக்கில் புகைத்தால், சிகரெட் பிடிக்காத நேரத்திலும் குழாய் அதே நிலையில் தங்கிவிடுகிறது.

3 செப்டம்பர் 2025

“அளக்க முடியும்” என்று எழுதியிருந்தேன். எப்படி என்று இருவர் கேட்டிருக்கிறார்கள்.

முழங்கைக்குச் சற்று மேலே ஓடும் தமனியை ஸ்கேனில் பிடிக்க வேண்டும். அதன் விட்டம் ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர். முன்கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, ஓட்டம் முழுவதும் நிற்கும் அளவுக்குக் காற்றேற்றி, ஐந்து நிமிடம் அப்படியே வைக்க வேண்டும். கை மரத்துப்போகும், விரல்கள் வெளிறும். பிறகு பட்டையைச் சட்டென்று தளர்த்தினால் தடுக்கப்பட்ட ரத்தம் பாய்ந்து வரும். அந்தப் பாய்ச்சலை உணர்ந்த உட்படலம் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்க, அடுத்த ஒரு நிமிட அளவில் தமனி விரியும். நலமான இளைஞரிடம் விரிவு பெரும்பாலும் 5 முதல் 10 விழுக்காடு வரை இருக்கும். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் இரண்டு முதல் நான்கு பங்கு. நாம் பிடித்திருக்கும் ஸ்கேன் கருவியின் முனையான புரோப் இம்மியளவு நகர்ந்தாலும் அளவு கெட்டுவிடும் என்பதால், ஸ்கேன் எடுப்பவர் தம் மூச்சையே அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இதய மருத்துவர் டேவிட் செலர்மேயரும் அவருடைய குழுவினரும் இந்த முறையை 1992இல் லண்டனில் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே புகைப்பவர்களை இதே முறையில் சோதித்தார்கள். புகைக்காதவர்களிடம் தமனி சராசரியாக 10 விழுக்காடு விரிந்தது. புகைப்பவர்களிடம் 4 விழுக்காடுதான். அவர்கள் யாரும் நோயாளிகள் அல்லர். உங்களைப் போல நல்ல அறிக்கை வைத்திருந்தவர்கள். புகைத்த அளவும் ஆண்டுகளும் கூடக் கூட விரிவு குறைந்துகொண்டே போனது.

நானும் ஓர் ஆய்வுக்காகச் சிலகாலம் இந்த ஸ்கேனை எடுத்திருக்கிறேன். யார் புகைப்பவர் என்பதை எங்களிடம் சொல்லமாட்டார்கள். பட்டை தளர்ந்ததும் திரையில் தமனியின் மேற்சுவரும் கீழ்ச்சுவரும் இரண்டு வெள்ளைக் கோடுகளாக விலகத் தொடங்கும். சிலரிடம் ரத்தப் பாய்ச்சல் வண்ணமாய்ப் பொங்கி வரும், ஆனால் கோடுகள் இருந்த இடத்திலேயே நிற்கும். இருபதுகளில் இருக்கும் ஒருவரின் கையில் அதைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் ஏற்படும். ஸ்கேன் கூடத்தில் எதுவும் சொல்ல முடியாது. அதனால்தான் இங்கு இவ்வளவு எழுதுகிறேன்.

ஒரு விளக்கம்: இது ஆராய்ச்சிக்கான சோதனை. பலதுறை மருந்தகத்துக்குப் போய் இதை எடுத்துத் தாருங்கள் என்று கேட்க வேண்டாம்.

4 செப்டம்பர் 2025

உடல்தகுதிச் சோதனையில் தங்கம் வாங்கும் அளவுக்கு ஓடினால் போதாதா என்று கேட்ட தம்பிக்கு: ஓட்டம் உட்படலத்துக்கு நல்லது, அதில் ஐயமில்லை; புகையின் கேட்டை அது ஈடுசெய்துவிடும் என்று எண்ணுவதுதான் பிழை. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். புகைக்காதவர்களின் ஹீமோகுளோபினில் அது 2 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கும்; நாள்தோறும் புகைப்பவர்களிடம் 5 விழுக்காடோ அதற்கு மேலோ இருப்பது வழக்கம். அந்த நிலையிலும் தங்கம் வாங்கியிருக்கிறீர்கள் என்றால், உங்கள் உடல் இயல்பிலேயே வலுவானது. அந்த வலுவைத்தான் நீங்கள் செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

8 செப்டம்பர் 2025

இன்னொருவர் எழுதியிருக்கிறார்: “நான் நாளைக்கு இரண்டு மூன்றுதான். வேலை முடிந்து காப்பிக் கடையில் நண்பர்களோடு மட்டும். இதற்கெல்லாம் குழாய் கெடுமா?”

நிறைய இளைஞர்கள் இந்தக் கணக்கில்தான் நிம்மதியாக இருக்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நுரையீரல் புற்றுநோய்க்கான அபாயம் ஏறத்தாழப் புகைக்கும் அளவுக்கேற்ப ஏறும். இருபதை ஒன்றாகக் குறைத்தால் அபாயமும் பெருமளவு இறங்கும். ரத்தக்குழாயின் கணக்கு அப்படி இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான பகுப்பாய்வின்படி, நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவர், இருபது பிடிப்பவருக்கு ஏற்படும் கூடுதல் இதயநோய் அபாயத்தில் கிட்டத்தட்டப் பாதியைச் சுமக்கிறார். முதல் சிகரெட்டிலேயே அபாயக் கோடு செங்குத்தாக ஏறிவிடுகிறது. அதன் பிறகு மெல்ல மெல்லத்தான் உயர்கிறது. மிகக் குறைந்த புகைக்கே உட்படலமும் தட்டணுக்களும் பெரிதாக எதிர்வினையாற்றிவிடுவதுதான் இதற்குக் காரணம்.

இதற்கு இன்னொரு சான்றும் உண்டு. செலர்மேயர் குழுவினர் 1996இல் 15 முதல் 30 வயது வரையிலானவர்களை மூன்று பிரிவாகச் சோதித்தார்கள்: புகையே படாதவர்கள், தாங்களே புகைப்பவர்கள், வாழ்நாளில் புகைக்காவிட்டாலும் வீட்டிலோ வேலையிடத்திலோ பிறர் புகையை நாளைக்கு ஒரு மணி நேரமாவது 3 ஆண்டுகளுக்கு மேல் சுவாசித்தவர்கள். முதல் பிரிவினரின் தமனி 8 விழுக்காடு அளவுக்கு விரிந்தது. புகைத்தவர்களிடம் 4 விழுக்காடு அளவு. பிறர் புகையைச் சுவாசித்தவர்களிடம் வெறும் 3 விழுக்காடு அளவு. அடுத்தவரின் புகையே இதைச் செய்யுமென்றால், நீங்களே இழுக்கும் மூன்று சிகரெட்டைச் சிறியது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

9 செப்டம்பர் 2025

நேற்றைய குறிப்பைப் படித்த ஒரு சகோதரி, கீழ்வீட்டுக்காரர் சன்னலோரம் நின்று புகைப்பதாகவும் தம் குழந்தையின் அறைக்குள் அது வருவதாகவும் எழுதியிருக்கிறார். நம் அடுக்குமாடிகளில் பொதுத் தாழ்வாரம், படிக்கட்டு, கீழ்த்தளம் ஆகியவற்றில் புகைக்க 2013 முதல் தடை இருக்கிறது. தம் வீட்டுச் சன்னலோரத்தில் புகைப்பதை அந்தத் தடை தொடாது. நாடாளுமன்றத்தில் 2020இல் இது பேசப்பட்டபோது, வீட்டுக்குள் நடப்பதைச் சட்டத்தால் கட்டுப்படுத்துவதில் உள்ள சிக்கலை அரசாங்கம் சுட்டியது. நேரில் கேட்டுப் பார்க்கலாம் என்பதே என் எண்ணம். “புகை வாசம் வருகிறது” என்று சொன்னால் அவர் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவார்; “குழந்தையின் ரத்தக்குழாய்க்குக் கெடுதல்” என்று சொன்னால் பலர் நின்று கேட்பார்கள். பிறர் புகை, இதயத் தமனி நோயின் அபாயத்தை 25 முதல் 30 விழுக்காடு வரை கூட்டுகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி.

14 செப்டம்பர் 2025

முதல் குறிப்புகளில் படலத்தின் செயல்பாட்டைப் பற்றியே எழுதிவந்தேன். அதைப் படிப்பவர்களுக்கு இளவயதில் செயல்பாடுதான் குறைகிறது, சுவர் அப்படியே இருக்கிறது என்ற எண்ணம் தோன்றலாம். அதையும் பேசிவிட வேண்டும்.

கொரியப் போரில் இறந்த அமெரிக்கப் படைவீரர்கள் 300 பேரின் இதயங்களை ஆராய்ந்த அறிக்கை 1953இல் வெளியானது. அவர்களுடைய சராசரி வயது 22. நான்கில் மூன்று பங்கினரின் இதயத் தமனிகளில் வெறும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நோய்க்கூறு இருந்தது. அந்த ஆய்வு புகைப்பவர், புகைக்காதவர் என்று பிரித்துப் பார்க்கவில்லை. எனினும், ஐம்பது வயதில் வெளிப்படும் நோய் இருபதுகளிலேயே வேர்விட்டிருக்கும் என்பதை உலகம் அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தது. நம் பிள்ளைகள் தேசிய சேவைக்குப் போகும் வயதை ஒட்டிய வயது அது.

புகையின் பங்கைத் தனியே பிரித்துக் காட்டியது பின்னாளில் அமெரிக்காவில் நடந்த இன்னொரு பெரிய ஆய்வு. விபத்து போன்ற காரணங்களால் இறந்த 15 முதல் 34 வயது வரையிலானவர்களின் தமனிகளை அங்கே பரிசோதித்தார்கள். இறந்தவர் புகைத்தாரா என்று குடும்பத்தாரிடம் கேட்டால் சரியான விடை கிடைக்காது என்பதால், புகைப்பவர்களின் ரத்தத்தில் கூடுதலாக இருக்கும் தயோசயனேட் என்ற பொருளை அளந்து முடிவு செய்தார்கள். புகைத்தவர்களிடம், குறிப்பாக வயிற்றுப் பகுதிப் பெருந்தமனியில், கொழுப்புப் படிவு சுவரைவிட்டு மேலெழும்பி நிற்கும் நிலைக்கு முன்னதாகவே போயிருந்தது. படிவின் தொடக்கமான மெல்லிய கொழுப்புக் கோடு எல்லாருக்கும் விழுகிறது. புகைப்பவரிடம் அது விரைவாக முற்றுகிறது.

இளவயது மாரடைப்பைப் பற்றியும் ஒரு சொல். குழாய் முழுவதும் மெல்ல அடைத்து, மூச்சிரைப்பு வந்து, எச்சரிக்கை செய்துவிட்டுத்தான் மாரடைப்பு வரும் என்பது எல்லாருக்கும் பொருந்தாது. குழாயைப் பெரிதாகச் சுருக்காத ஒரு சிறு படிவின் மேற்பரப்பு கிழிந்தாலோ, உட்படலம் அந்த இடத்தில் உரிந்துபோனாலோ, அங்கே ரத்தம் உறைந்து சில நிமிடங்களில் குழாயை மூடிவிடலாம். புகை, தட்டணுக்களை ஒட்டும் தன்மையுடையவையாக மாற்றுகிறது. ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜெனைக் கூட்டுகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வட்டாரத்தில் செய்யப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வில், கடுமையான வகை மாரடைப்புக்கு ஆளாகும் அபாயம் 50 வயதுக்குக் கீழ்ப்பட்ட புகைப்பவர்களுக்கு, புகைக்காத சம வயதினரைவிட எட்டு மடங்கு இருந்தது. 65 வயதைத் தாண்டியவர்களிடம் அதே ஒப்பீடு மூன்று மடங்குதான். வயதானவர்களுக்கு வேறு காரணங்களும் சேர்ந்துவிடும். இளைஞரிடம் புகையே முதன்மைக் காரணமாக நிற்கிறது.

அதனால், முந்தைய வாரம் டிரெட்மில்லில் ஓடி முடித்தவர் இந்த வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது நடக்கக்கூடியதே. நெஞ்சு இறுக்கம் இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், வாயு என்று சொல்லிச் சோடா குடித்துக்கொண்டிராமல் அவசர மருத்துவ ஊர்திக்கு 995ஐ அழைக்க வேண்டும்.

15 செப்டம்பர் 2025

ஒரு பெண் வாசகர், ஆண்களைப் பற்றியே பேசுகிறோமே என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் புகையும் ஒன்றுசேர்ந்தால் ரத்தம் உறையும் அபாயம் பன்மடங்காகும். அதனால்தான் 35 வயதைக் கடந்த, புகைக்கும் பெண்களுக்கு மருத்துவர்கள் அந்த மாத்திரையைத் தவிர்க்கிறார்கள். நம் சமூகத்தில் பெண்கள் தாங்கள் புகைப்பதை மருத்துவரிடம்கூட மறைக்கிறார்கள். அந்த ஓர் இடத்தில் மட்டும் மறைக்க வேண்டாம்.

21 செப்டம்பர் 2025

இதுவரை எழுதியவை ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி நடப்பவை. முப்பதுகளிலேயே காலைப் பறிக்கும் ஒரு நோயும் இருக்கிறது. லியோ பர்ஜர் என்ற மருத்துவர் 1908இல் நியூயார்க்கில் அதை விரிவாக விவரித்ததால் பர்ஜர் நோய் என்ற பெயர் நிலைத்தது. அது பெரும்பாலும் 45 வயதுக்கு உட்பட்ட, புகையிலை பயன்படுத்துவோரையே பிடிக்கிறது. இந்தியாவிலும் மத்திய கிழக்கிலும் ஜப்பான், கொரியாவிலும் மேற்கு நாடுகளைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது. பீடி பிடிப்பவர்களிடமும் வரும். பெரிய தமனிகளை விட்டுவிட்டு, பாதத்துக்கும் கைக்கும் போகும் சிறிய, நடுத்தரக் குழாய்களில் அழற்சியை உண்டாக்கி, ரத்த உறைவால் அடைத்துவிடும்.

எங்கள் கூடத்துக்கு வந்த ஒருவரை என்னால் மறக்க இயலவில்லை. முப்பதுகளில் இருந்த வெளிநாட்டு ஊழியர், தமிழ்நாட்டுக்காரர். நடக்கும்போது உள்ளங்காலின் வளைவில் வலி, நின்றால் போய்விடும். “பூட்ஸ் கடிக்குதுன்னு நெனச்சேங்க்கா” என்றார். கட்டுமானத் தளத்தில் இரும்பு முனை வைத்த பாதுகாப்புக் காலணியை நாள் முழுவதும் அணிபவர். அப்படி நினைத்ததில் வியப்பில்லை. காலணி எண்ணை மாற்றிப் பார்த்திருக்கிறார், பஞ்சு வைத்துப் பார்த்திருக்கிறார். பெருவிரல் நுனியில் ஒரு சிறு புண் ஆறாமல் கறுத்த பிறகுதான் வந்தார்.

ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியைக் கால் தமனியின் மேல் வைத்தால், நலமான தமனி ஒரு துடிப்புக்கு மூன்று ஒலிகளைத் தரும்: வலுவாக ஒன்று, திரும்பி வருவது ஒன்று, மென்மையாக மூன்றாவது. அவருடைய தொடையிலும் முழங்காலுக்குப் பின்னும் அந்த மூன்றும் தெளிவாகக் கேட்டன. கணுக்காலுக்கு இறங்கியதும் சீரான, மங்கிய ஒற்றை இரைச்சல் மட்டுமே கிடைத்தது. பாதத்தின் மேற்புறத்தில் ஜெல்லைத் தடவிப் புரோப்பை எத்தனை கோணத்தில் சாய்த்தும் எதுவும் கேட்கவில்லை. அவர் கருவியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த நோயை நிறுத்துவதற்கு உறுதியான வழி ஒன்றே ஒன்றுதான். புகையிலையை அடியோடு விட வேண்டும். குறைப்பது பயன் தராது. நாளைக்கு ஒன்றிரண்டு கூட நோயை உயிரோடு வைத்திருக்கும். விட்டவர்களில் பெரும்பாலோர் காலைக் காப்பாற்றிக்கொள்கிறார்கள். விடாதவர்களுக்கு விரலில் தொடங்கிப் பகுதி பகுதியாக வெட்டி எடுக்க நேரலாம். புகைக்கும் எவருக்காவது உள்ளங்காலில் நடைவலி வந்தால், குளிரில் விரல்கள் வெளுத்து நீலமானால், சிறு புண் ஆறாமல் நின்றால், காலணியைக் குறை சொல்வதற்கு முன் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் தொண்டு செய்யும் நண்பர்கள் இதை அங்கே எடுத்துச் சொன்னால் பெரும் நன்மையாக இருக்கும்.

28 செப்டம்பர் 2025

நம்மவர்களுக்கு மட்டும் ஏன் சீக்கிரம் மாரடைப்பு வருகிறது என்று ஒருவர் கேட்டார். மாரடைப்பின் காரணங்களைத் தேடி 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், தெற்காசியர்கள் முதல் மாரடைப்புக்கு ஆளான சராசரி வயது 53. மற்ற நாட்டவர்களுக்கு ஏறத்தாழ 59. அந்த ஆய்வு சொன்ன முக்கியமான செய்தி, மரபணு என்று கைவிரிக்க வேண்டியதில்லை என்பது. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், நீரிழிவு, தொப்பை போன்ற வழக்கமான காரணங்களே பெரும்பகுதியை விளக்கிவிட்டன; அவை நம்மவர்களிடம் இளவயதிலேயே சேர்ந்துவிடுகின்றன. சிங்கப்பூர் இந்தியர்களிடையே நீரிழிவும் இதயநோயும் மிகுதி என்பது நாம் வீடுதோறும் பார்ப்பது. உயர்ந்த சர்க்கரையும் இதே உட்படலத்தைத்தான் கெடுக்கிறது. அப்பாவுக்கு நீரிழிவு, அண்ணனுக்கு ஸ்டென்ட் என்ற குடும்பத்தில் பிறந்தவர் பிடிக்கும் சிகரெட், ஏற்கெனவே சாய்ந்து நிற்கும் இடத்தில் விழுகிறது.

5 அக்டோபர் 2025

கேள்வி கேட்ட தம்பி பத்தை நான்காகக் குறைத்துவிட்டதாக எழுதியிருக்கிறார். மனமாரப் பாராட்டுகிறேன். நான்கில் நின்றுவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். செப்டம்பர் 8ஆம் தேதிக் குறிப்பில் உள்ள கணக்கின்படி, உங்கள் ரத்தக்குழாய்க்கு நான்கும் பத்தும் அவ்வளவு தொலைவில் இல்லை. நான்கிலிருந்து சுழியத்துக்கு இறங்கும் கடைசிப் படியில்தான் பெரிய பலன் இருக்கிறது.

சிகரெட்டை விட்டு மின்சிகரெட்டுக்கு மாறினால் என்ன என்ற கேள்வியும் அதில் இருந்தது. சட்டம் எல்லாருக்கும் தெரிந்தது: மின்சிகரெட்டை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 2018 பிப்ரவரி முதல் குற்றம், எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து கலந்தவற்றைப் போதைப்பொருளாக வகைப்படுத்தி 2025 செப்டம்பர் 1 முதல் தண்டனையையும் கடுமையாக்கியிருக்கிறார்கள். சட்டத்தை ஒதுக்கிவைத்துக் குழாயை மட்டும் பார்ப்போம். ஸ்காட்லாந்தில் 2019இல் வெளியான ஓர் ஆய்வில், சிகரெட்டிலிருந்து மின்சிகரெட்டுக்கு மாறியவர்களின் தமனி விரிவு ஒரே மாதத்தில் மேம்பட்டது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால், அது தொடர்ந்து சிகரெட் பிடித்தவர்களோடு செய்த ஒப்பீடு. நிக்கோட்டின் உள்ள மின்சிகரெட்டை இழுத்தவுடன் இதயத்துடிப்பு ஏறுவதும் தமனிச் சுவர் விறைப்பதும் அளந்து காட்டப்பட்டிருக்கின்றன. சிகரெட்டே பிடிக்காத பதினெட்டு வயதுப் பிள்ளை அதைத் தொடுவதற்கு இந்த ஆய்வு எந்த வகையிலும் ஆதரவாகாது.

12 அக்டோபர் 2025

விட்டால் திரும்புமா? பலரும் கேட்ட கேள்வி இது. இதை எழுதத்தான் எனக்கு மிகுந்த விருப்பம்.

கார்பன் மோனாக்சைடு ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தைவிட்டுப் போய்விடும். தட்டணுக்களின் ஒட்டும் தன்மை சில வாரங்களில் குறையத் தொடங்கும். உட்படலம் சற்றுக் காலம் எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் 1,500 பேருக்கு மேற்பட்ட புகைப்பவர்களைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு விட்டிருந்தவர்களின் தமனி விரிவு சராசரியாக 6.2 விழுக்காட்டிலிருந்து 7.2 விழுக்காட்டுக்கு ஏறியது. தொடர்ந்து புகைத்தவர்களிடம் மாற்றமில்லை. விட்டவர்களுக்கு எடை கூடியிருந்தது, அப்படியும் ஏறியது. “விட்டால் குண்டாகிவிடுவேன்” என்று தயங்குபவர்களுக்கு இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள்.

இதயத் தமனி நோயின் கூடுதல் அபாயம், விட்ட ஓராண்டில் ஏறத்தாழப் பாதியாகிறது. பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த, டால், பீட்டோ என்ற ஆய்வாளர்களின் ஆய்வு முடிவு 2004இல் வந்தது: தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழந்தார்கள், 60 வயதில் விட்டவர்கள் அதில் மூன்று ஆண்டையும், 50இல் விட்டவர்கள் ஆறையும், 40இல் விட்டவர்கள் ஒன்பதையும், 30இல் விட்டவர்கள் ஏறக்குறைய முழுப் பத்தையும் மீட்டார்கள்.

தம்பி, முப்பத்தைந்துக்கு முன் விட்டால் போதும் என்ற உங்கள் கருத்துக்கு இந்தக் கணக்கில் ஓரளவு ஆதரவு இருப்பதாக உங்களுக்குத் தோன்றும். நான் பலநாள் யோசித்தும் அந்த வாதத்தை ஏற்க முடியவில்லை. அது சராசரி. இடைப்பட்ட ஒன்பது ஆண்டில் ஒரு சிறு படிவு கிழிந்தவருக்குச் சராசரியால் பயனில்லை. மேலும், 26இல் நாளைக்குப் பத்து பிடிப்பவர் 35இல் அதே பத்தில் நின்று, குறித்த நாளில் எளிதாக விட்டுவிடுவார் என்பதை நிக்கோட்டினின் பிடியை அறிந்த எவரும் நம்பமாட்டார்கள்.

19 அக்டோபர் 2025

நாளை தீபாவளி. சுருக்கமாக, எப்படி விடுவது என்று கேட்டவர்களுக்கு.

சுகாதார மேம்பாட்டு வாரியம் 28 நாள் திட்டம் ஒன்றை நடத்துகிறது. 28 நாள் புகைக்காமல் இருந்துவிட்டவர் நிரந்தரமாக விடும் வாய்ப்பு ஐந்து மடங்கு கூடுதல் என்பது அதன் அடிப்படை. ஆலோசனைக்கான தொலைபேசி எண் 1800 438 2000. முதல் சில நாள்களில்தான் எரிச்சலும் தவிப்பும் உச்சத்தில் இருக்கும். அந்த நாள்களில் வேலையிட இடைவேளையை எப்படிக் கழிப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். நண்பர்களோடு புகைப்பதற்கென ஒதுக்கிய மஞ்சள் கட்டத்துக்குள் போய் “சும்மா நிற்கிறேன்” என்பது நடக்காது.

தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையோ சூயிங்கமோ உதவும். அதிலும் நிக்கோட்டின்தானே என்று கேட்பது சரிதான். பட்டையிலிருந்து நிக்கோட்டின் மெதுவாகவும் சீராகவும் வருகிறது. உட்படலத்தை எரிக்கும் புகையும் கார்பன் மோனாக்சைடும் அதில் இல்லை. பர்ஜர் நோய் உள்ளவர்கள் மட்டும் நிக்கோட்டினை எந்த வடிவிலும் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு மருத்துவர் வேறு மாத்திரை தருவார்.

2 நவம்பர் 2025

தம்பியின் புதிய கேள்வி: அடுத்த மாதம் தேசிய சேவைப் பயிற்சி முகாமுக்குப் போக வேண்டியிருக்கிறது, நிக்கோட்டின் பட்டையை ஒட்டிக்கொண்டு ஓடலாமா?

ஓடலாம். கடும் உடற்பயிற்சியின்போது தோலில் ரத்த ஓட்டம் கூடுவதால் நிக்கோட்டின் சற்று விரைவாக உள்ளே போகும். தலைச்சுற்றலோ படபடப்போ இருந்தால் பட்டையை எடுத்துவிட்டு முகாம் மருத்துவரிடம் சொல்லுங்கள். வியர்வையில் பட்டை கழன்றுவிடும் என்பதால், காலையில் உடலை நன்றாகத் துடைத்துவிட்டு, உரோமம் இல்லாத மேற்கையில் பத்து விநாடி அழுத்திப் பிடித்து ஒட்ட வேண்டும். மறுநாள் அதே இடத்தில் ஒட்டக்கூடாது. நாளைக்குப் பத்தில் தொடங்கி நான்குக்கு வந்திருக்கும் உங்களுக்கு எந்த வலிமையுள்ள பட்டை பொருத்தம் என்பதை மருந்தாளரிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். முகாமுக்குள் போன பிறகு அதற்கு நேரம் கிடைக்காது.